குகபாலன் போகாத கடல்

கனடாவின் ஸ்காபரோவில், வீடுகளெல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல நிற்கும் ஒரு தெருவில், குகபாலன் என்றொரு மனிதர் இருந்தார். சரக்கு லொறிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் கந்தோரில் அவருக்கு வேலை. எந்த லொறி எந்தப் பெருந்தெருவால் போக வேண்டும், எந்த மேட்டில் பனி கொட்டும், காற்று கூடினால் எந்தப் பாலத்தில் வாகனத்தை மறிப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு. மொங்ரனுக்கும் ஹலிஃபக்ஸுக்கும் கணக்கில்லாமல் லொறிகளை அனுப்பி வைத்த அந்த மனிதர் கிழக்குப் பக்கமாகக் கிங்ஸ்ரனைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை.

அந்த வருடக் கோடை விடுமுறைக்குத் தன் வான் வண்டியில் குடும்பத்தோடு அட்லாண்டிக் கரைக்குப் போவதென்று அவர் முடிவெடுத்தார். முடிவெடுத்தார் என்றால் அறிவித்தார் என்று கொள்ள வேண்டும். மனைவி பவளராணி "ஓம்" என்றாள். மகள்மார் ஆரணியும் மிதுஷாவும் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே "ஓம்" என்றார்கள். அந்த ஓமில் உயிர் இல்லாததற்குக் காரணம் இருந்தது. முன்னொரு முறை நயாகராவுக்குப் போனபோது, சின்னவள் மிதுஷா வழியில் மூத்திரம் முட்டுகிறது என்று அழ, "அது பிளானிலை இல்லை" என்று சொல்லி அழுத்தி ஓட்டியவர் அவர். அந்தப் பயணத்தைப் பற்றித் தங்கை கேட்டபோது பவளராணி சொன்னது இவ்வளவுதான்: "நேரத்துக்குப் போனம், நேரத்துக்கு வந்தம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆட்டிறைச்சிக் குழம்பும் சோறும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு, குகபாலன் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, அதன்மேல் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, மூன்று பேரையும் உட்கார வைத்துப் பயணத்தைச் சொல்லத் தொடங்கினார். விரலை வரைபடத்தில் வைத்து, கந்தோரில் லொறிக்காரருக்குச் சொல்வது போலவே சொன்னார்: மொன்றியலைச் சுற்றிப் போவோம், பெரிய ஆறு இடது கைப் பக்கம் கூடவே வரும், பிறகு காடு, காடு முடிய மலைச் சரிவு, சரிவு முடிய நீண்ட பாலம், பாலம் முடிய ஒரு தீவு, அந்தத் தீவில் மண் சிவப்பாக இருக்கும், வானை ஓரமாக விட்டு இறங்குவோம். இப்படிச் சொல்லிவிட்டு அவர் தலை நிமிர்ந்தபோது, மேசைக்கு அடியில் மூன்று சோடிக் கால்களும் கணுக்கால் வரை செம்மண்ணாக இருந்தன. மிதுஷாவின் பாவாடை நனைந்திருந்தது. பவளராணியின் தலைமயிரெல்லாம் காற்றில் கலைந்து, முகம் வெயிலில் கறுத்து, அவள் அப்போதுதான் எங்கிருந்தோ வந்து குந்தியவள் போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் கத்தவில்லை. முதலில் குளியலறைக்குப் போவது யார் என்று மகள்மார் சண்டை பிடித்தார்கள்.

"முழுக்கக் கழுவி ஊத்தாதையுங்கோ," என்றாள் பவளராணி. "நல்ல தோட்டத்து மண். எங்கட ஊர்க் கோண்டாவில் மண் மாதிரியே கிடக்கு. கறிவேப்பிலைச் சாடிக்குப் போடுவம்."

குகபாலன் தன் கால்களைக் குனிந்து பார்த்தார். வீட்டுச் செருப்புக்குள் அவை சுத்தமாக, காய்ந்து, வெளிறிப்போய் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் போய் வந்துவிட்டார்கள். சொன்னவர் மட்டும் நாற்காலியிலேயே இருந்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பேபியக்கா கேட்காமலே வந்து உட்கார்ந்தார். இரண்டு முழங்காலும் தேய்ந்து, மாடிப்படி ஏறுவதையே விட்டவர். குகபாலன் சொல்லி முடித்தபோது பேபியக்கா சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட எழும்பி நின்று, "உப்பு பட்டது காலுக்குச் சுகமாயிருக்கடா தம்பி" என்றார். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? அகதி வழக்கு முடியாமல் நகரத்தை விட்டு அசையப் பயந்த குடும்பங்கள் வந்தன, கிழமையில் ஏழு நாளும் வேலைக்குப் போகிறவர்கள் வந்தார்கள், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத எதிர்வீட்டுச் சீனத்து அம்மா வாளியோடு வந்து, கண்ணை மூடிக் கேட்டிருந்து, வாளி நிறையச் சிப்பியோடு எழும்பிப் போனார். தட்டுத் தட்டாகப் புட்டும் சம்பலும் வந்தது. கதிரை போதாமல் கோயில் கதிரைகள் வந்தன. தெருவில் கார் விட இடமில்லாமல் போனது. வாசலில் கழற்றிய சப்பாத்துகளில் இருந்து கொட்டிய மணலை அள்ளி ஒருவர் தன் பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொண்டுபோனார். குகபாலன் வீட்டுக்குப் போய் வருகிறவர்கள் நண்டும் மீனும் கையில் பிடித்தபடி நேரே கோயிலுக்குள் வரக்கூடாது என்று கோயில் சபை அறிவித்தது. அது நியாயம்தான் என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

குகபாலனுக்குத் தொடக்கத்தில் பெருமையாகவே இருந்தது. தன் திட்டம் அவ்வளவு துல்லியம், அதனால்தான் இப்படி என்று எண்ணிக்கொண்டார். ஆனால் சனங்கள் போகும்போது சொல்லிவிட்டுப் போனது வேறு.

"அண்ணை, நீங்கள் இப்பிடிப் பகிடிக்காரன் எண்டு இவ்வளவு காலமும் தெரியாமல் போச்சே!" என்றார் ஒருவர், முதுகில் தட்டி. "அந்தக் கடற்பறவை உங்கட கையிலிருந்த ரொட்டியைத் தட்டிக்கொண்டு போக, நீங்கள் அதுக்குப் பின்னாலை ஓடின ஓட்டம் இருக்கே!"

குகபாலன் எந்தப் பறவைக்குப் பின்னாலும் ஓடியதில்லை.

அன்று பவளராணி அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்று, மெதுவாகக் கேட்டார். "நானும் வாறனானோ அங்கை?"

"வராமல்? வானை ஆர் ஓட்டுறது?"

"அப்ப எனக்கேன் ஒண்டும் தெரியேல்லை?"

"நீங்கள் இஞ்ச இருந்து சொல்லிக்கொண்டெல்லோ இருக்கிறியள்," என்றாள் அவள், இதையும் விளங்கப்படுத்த வேண்டுமா என்பது போல. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்துக் காட்டினாள்.

படத்தில் ஒரு வெளிச்சவீடு, பாறைகள், பாறைகளுக்குப் பின்னால் கடல். முன்னால் ஒரு மனிதர் அரைக்காற்சட்டை போட்டு, மிதுஷாவைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையைப் பின்னால் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தார். குகபாலன் வாழ்நாளில் அரைக்காற்சட்டை போட்டவரில்லை. ஆனால் அந்த முன்பல் இடைவெளி அவருடையது, நெற்றித் தழும்பு அவருடையது, காது மடலில் இருந்த மறு கூட அவருடையது. பவளராணி அந்த மனிதரின் கையோடு கை கோர்த்து, கமராவைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாண அல்பத்தில் கூட அவள் அப்படிப் பார்த்த படம் ஒன்றில்லை. குகபாலனுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவருக்கு வயிறு எரிந்தது. ஊரில் அண்ணன் புதுச் சைக்கிள் ஓட்டியபோது எரிந்தது, கந்தோரில் நேற்று வந்தவன் மேலதிகாரியானபோது எரிந்தது, அதெல்லாம் தணலென்றால் இது நெருப்பு. ஏனென்றால் மற்றவனைத் திட்டலாம், மற்றவனுக்குப் படிப்பில்லை, குணமில்லை, காக்காய் பிடித்து வந்தவன் என்று சொல்லி மனதை ஆற்றலாம். இந்த ஆளை என்னவென்று சொல்லித் திட்டுவது?

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவருக்கு வேதனையாகிவிட்டது. படத்தில் இருந்த அந்த மற்றவர் வழியில் நினைத்த இடமெல்லாம் வானை நிறுத்தினார் என்று அறிந்தார். மற்றவர் பழைய பாட்டுகளைப் பிழையான சொற்களோடு உரத்துப் பாடினார் என்றும், பவளராணி திருத்தத் திருத்த மேலும் பிழையாகப் பாடினார் என்றும் அறிந்தார். வீட்டில் குகபாலனோடு உப்புக்கும் புளிக்கும் மட்டும் கதைத்த பவளராணி, ஞாயிறு மத்தியானம் வந்தால் கண்ணுக்கு மை வைத்தாள், பூப்போட்ட சட்டை போட்டாள், மேசையில் எல்லாருக்கும் முன்பாக வந்து உட்கார்ந்து, "தொடங்குங்கோவன், நேரமாகுது" என்றாள். யாரைப் பார்க்க இவள் இப்படி அவசரப்படுகிறாள் என்று தெரிந்துகொண்டே, தன் வாயாலேயே அவளை அந்த மற்றவரிடம் அனுப்பி வைக்க வேண்டியிருந்தது.

"இந்த முறை உண்மையாவே போவம்," என்றார் ஒரு நாள். "வானைச் செக் பண்ணக் குடுத்திட்டன்."

பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஏன் அப்பா?" என்றாள் ஆரணி. "எல்லாம் பாத்தாச்சே."

அதனால் அவர் அந்தப் பயணத்தையே கெடுக்கப் பார்த்தார். அடுத்த ஞாயிறு திட்டத்தில் மழையைப் போட்டார். கொட்டும் மழை, நடுக்காடு, வான் சில்லில் காற்றுப் போகும், கைபேசி வேலை செய்யாது, உதவிக்கு ஒருத்தரும் வராயினம் என்று வரைபடத்தில் விரலைக் குத்திக் குத்திச் சொன்னார். பவளராணியும் பிள்ளைகளும் தலை முதல் கால் வரை நனைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி எழும்பினார்கள். மற்றவர் சில்லை மாற்றப் போய்ச் சேற்றில் சறுக்கி விழுந்தாராம். விழுந்த இடத்திலேயே மல்லாக்கப் படுத்து, "இஞ்ச படுக்கச் சுகமாயிருக்கு, வாங்கோ" என்றாராம். இவர்களும் போய்ப் படுத்தார்களாம். "என்ர வாழ்க்கையிலை நான் இப்பிடிச் சிரிச்சதில்லை," என்று பவளராணி துவாயால் தலையைத் துடைத்தபடி பேபியக்காவுக்குச் சொன்னாள். தன் கணவரின் காதுபடவே சொன்னாள். அதில் ஒரு கள்ளமும் இருக்கவில்லை, அதுதான் அவரை அறுத்தது.

அதற்கடுத்த ஞாயிறு சனம் எல்லாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, குகபாலன் தன் குடும்பத்தை மட்டும் இருத்தி, ஃபண்டி வளைகுடாவில் விரலை வைத்தார். உலகத்திலேயே கடல் அவ்வளவு உயரம் ஏறி அவ்வளவு தூரம் வற்றுகிற இடம் வேறில்லை என்பது அவருக்குத் தெரியும். கடல் வற்றியிருக்கும், என்று சொன்னார். கடலின் அடித்தரை காலுக்குக் கீழே சேறும் பாசியுமாக விரிந்து கிடக்கும். நீங்கள் மூண்டு பேரும் மேலே, படிக்கட்டின் தலைப்பில், வேலிக்குப் பின்னால் நிற்பியள். அப்பா மட்டும் படியால் இறங்கி நடந்து போவார். தூரமாய், இன்னும் தூரமாய், நீங்கள் கூப்பிட்டாலும் கேளாத தூரத்துக்குப் போவார். பிறகு கடல் திரும்பி வரத் தொடங்கும்.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, குகபாலன் வரைபடத்தை மடித்தார். எந்த லொறியையும் அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் வழி போடாமல் விட்டவரில்லை அவர். மடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

மூவரும் மேசையில் இருந்தார்கள். பிள்ளைகள் விக்கி விக்கி அழுதார்கள். பவளராணி அழவில்லை. அவள் எழும்பி, கண் மையைக் கழுவி, பூப்போட்ட சட்டையை மாற்றி, ஒரு வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்து கூடத்தில் நிலத்தில் குந்தினாள்.

பின்னேரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. சனம் வந்தது. வந்தவர்கள் செத்த வீட்டுக்கு வருவது போலவே வாசலில் சத்தமில்லாமல் சப்பாத்தைக் கழற்றி, பவளராணியின் கையைப் பிடித்து அழுதுவிட்டு, குகபாலன் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக் குடித்தார்கள். "இதென்ன, நான் இஞ்ச நிக்கிறன்" என்று அவர் இரண்டொருவருக்குச் சொல்லிப் பார்த்தார். "ஓம் தம்பி, தெரியுது. நீர்தான் இனி அவளைத் தேற்ற வேணும்" என்றார் பேபியக்கா.

தாலியைக் கழற்றுவதா என்று பெண்களுக்குள் ஒரு கதை எழுந்தது. குருக்களுக்குத் தொலைபேசி எடுத்தார்கள். குருக்கள் நெடுநேரம் யோசித்து, கட்டினவர் உயிரோடு நிற்பதால் தாலியும் பொட்டும் இருக்கட்டும் என்றும், ஆனால் போனவர் போனதுதான் என்பதால் வீட்டுக்குச் சாவுத் துடக்கு உண்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை வரை இந்த வீட்டார் ஒருவரும் கோயிலுக்கு வரக்கூடாது என்றும் சொன்னார். அப்படியாகக் குகபாலன் தனக்கே துடக்குக் காத்தார். மரக்கறி சாப்பிட்டார், முகம் வழிக்கவில்லை, ஒரு நல்லது கெட்டதுக்குப் போகவில்லை.

அந்த நாட்களில் அவர் கேட்ட புகழ்ச்சி கொஞ்சமல்ல. கண்ணீர் அஞ்சலி நோட்டீஸில் மற்றவரின் சிரித்த படம் போட்டு, "எமைச் சிரிக்க வைத்தவரே" என்று எழுதியிருந்தார்கள். அவர் போல ஒரு மனிசனைப் பார்க்கேலாது என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். குகபாலன் தட்டத்தில் தேத்தண்ணிக் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்கிடையில் போய் வந்தார். ஆளைத் தொலைத்தால் பொறாமையும் தொலையும் என்று நினைத்திருந்தவர், செத்தவரோடு போட்டி போடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை என்று கண்டுகொண்டார். உயிரோடு இருந்தபோது மற்றவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பவளராணியோடு இருந்தார்; இப்போது எந்நேரமும் இருந்தார்.

அந்தியேட்டி கிட்டியது. ஒன்ராரியோ ஏரிக்கரையில் செய்யலாம், எல்லாரும் அங்கேதான் செய்கிறார்கள் என்றார் குருக்கள்.

"இல்லை ஐயா," என்றாள் பவளராணி. அத்தனை நாளில் அவள் குரல் உயர்ந்தது அப்போதுதான். "அவரை விட்டிட்டு வந்த இடத்திலைதான் செய்ய வேணும்."

"ஆம்பிளைப் பிள்ளை இல்லை. சகோதரங்கள்?"

"கிட்ட ஒருத்தரும் இல்லை."

"அப்ப கிரியை செய்ய ஆர் உரித்துக்காரன்?"

கூடத்தில் இருந்த எல்லாரும் குகபாலனைப் பார்த்தார்கள்.

இப்படித்தான் அந்தக் குடும்பம் கடைசியில் உண்மையாகவே அட்லாண்டிக் கரைக்குப் புறப்பட்டது. குகபாலன் ஓட்டினார். பவளராணி பிள்ளைகளோடு பின்னால் இருந்தாள். முன் ஆசனத்தில் செம்பும் எள்ளும் தர்ப்பையும் வைத்த பை இருந்தது. பெரிய ஆறு இடது கைப் பக்கம் கூடவே வந்தது, காடு வந்தது, எல்லாம் அவர் சொன்ன மாதிரியே வந்தது, ஆனால் அவருக்குத்தான் எல்லாம் புதிது. மற்ற மூவரும் பழகிய தெருவால் போகிறவர்கள் போல வெளியே பார்த்தார்கள். "இதிலைதான் அவர் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தவர்," என்றாள் மிதுஷா. குகபாலன் வானை ஓரம் கட்டினார். யாரும் கேட்காமல் அவர் வழியில் வானை நிறுத்தியது அதுதான் முதல் தடவை. இறங்கிப் போய் நான்கு ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். பவளராணி வாங்கிக்கொண்டு, "அவர் வனிலா வாங்கிறேல்லை" என்றாள். ஆனாலும் சாப்பிட்டாள். பிறகு ஒரு மேட்டில் ஏறும்போது அவர் பாடிப் பார்த்தார். பிழையான சொற்களோடு பாடுவதற்காக முதல் நாளே பாடமாக்கி வைத்திருந்தார். பவளராணி திருத்தவில்லை. பாதியில் விட்டுவிட்டார்.

கரைக்கு வந்தபோது கடல் வற்றியிருந்தது. அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, தனியாகவே படியால் இறங்கினார்; மூவரும் மேலே, வேலிக்குப் பின்னால் நின்றார்கள். அடித்தரைச் சேற்றில் ஒரு சோடிக் காலடி போயிருந்தது, ஏதோ காலையில்தான் ஒருவர் நடந்து போனது போல. போன அடி இருந்தது, வந்த அடி இல்லை. குகபாலன் தன் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். விரலுக்கு விரல் சரியாக இருந்தது.

அந்த அடிகளைப் பிடித்துக்கொண்டே நடந்து போய், அவை முடிந்த இடத்தில் குந்தினார். குருக்கள் சொல்லிக் கொடுத்தபடி தர்ப்பையைப் போட்டு, எள்ளைக் கையில் எடுத்து, செம்புத் தண்ணீரை வார்த்து, போனவருடைய பெயரை உரத்துச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும், "குகபாலன்" என்றார். சொன்னதும் அவருக்கு அழுகை வந்தது. தான் பொறாமைப்பட்ட ஆளில் தனக்குக் கிடையாதது ஒன்றுமே இருக்கவில்லை. அந்தப் பல்லும் அந்தக் குரலும் அந்தக் கால்களும் இவ்வளவு காலமும் தன்னிடம்தான் இருந்தன, தான்தான் அவற்றை நேரத்துக்குப் போகவும் நேரத்துக்கு வரவும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். இது விளங்கியது. விளங்கியும் பொறாமை குறையவில்லை. சிரிக்கத் தெரிந்த அந்த மனிதர் மேல் அப்போதும் அவருக்கு எரிந்தது.

தண்ணீர் வரும் சத்தம் கேட்டது. பழுப்பு நிறக் கோடாகத் தூரத்தில் தெரிந்த கடல், பார்த்துக்கொண்டிருக்கவே சேற்றை நக்கி நக்கி நெருங்கியது. கணுக்கால் நனைந்தது. அந்தக் கடல் அவரைத் தொட்டது அதுதான் முதல் முறை. அப்போது மேலே, வேலியைப் பிடித்துக்கொண்டு, பவளராணி தொண்டை கிழியக் கூப்பிட்டாள்:

"இஞ்சாருங்கோ! ஏறி வாங்கோ! கெதியா ஏறி வாங்கோ!"

குகபாலன் எழும்பி நின்றார். அவள் யாரைக் கூப்பிடுகிறாள்? அவள் முகம் அவ்வளவு தூரத்தில் தெரியவில்லை. அவருக்குப் பின்னால், வந்துகொண்டிருக்கும் கடலுக்குள் இருந்து, தண்ணீரை மிதித்துக்கொண்டு யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. அந்த ஆள் பாட்டொன்றைப் பிழையான சொற்களோடு முணுமுணுப்பதும் கேட்டது. குகபாலன் திரும்பிப் பார்க்கவில்லை. செம்பைப் போட்டார், வேட்டியை மடித்துக் கட்டினார், அந்த ஆள் தனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடக் கூடாதே என்று, சேற்றில் விழுந்து எழும்பி, படிக்கட்டை நோக்கி ஓடத் தொடங்கினார்.